வாசகர் கேள்வி–பதில்: பழைய போர்க்கால விமானத்தைப் பறக்க வைப்பது

போன இதழில் டைகர் மாத் விமானத்தின் படத்தைப் போட்டாலும் போட்டோம், கடிதங்கள் குவிந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் விமானிகள் பலர் பறக்கப் பழகிய இரட்டைத் தட்டு இறக்கை விமானம் அது. புதுப்பிக்கப்பட்ட டைகர் மாத் ஒன்றை இந்திய விமானப் படை 2012 விமானப் படை தினத்தில் பறக்கவிட்டது. பட்டறைக்காரர்களும் நெசவாளர்களும் கேட்டவற்றுக்கே இம்முறை கூடுதல் இடம்.

எங்களுக்குக் கைத்தறி இருக்கிறது. இறக்கைக்குப் போர்த்தும் துணியை நாங்களே நெய்து கொடுக்கலாமா?
— வாசகர், செல்லூர்

நெய்வது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. சான்றிதழ் வாங்குவதில்தான் சிக்கல். டைகர் மாத்துக்கு ஆதியில் போர்த்தியது அயர்லாந்து லினன். அமெரிக்க விமானங்களுக்கு 'கிரேடு ஏ' என்ற பருத்தித் துணி. அதன் இலக்கணம் கறாரானது. பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 80 முதல் 84 இழை இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலக் கீற்று 80 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 36 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். வெயிலில் நைந்து 56 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் உரித்துவிட வேண்டியதுதான். கஞ்சி துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் மேலே பூசும் டோப் (துணியை இறுக்கி விறைப்பாக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) இழைக்குள் இறங்காமல் தோலாக உரியும். ஒவ்வொரு சுருளும் எந்த நூலில் நெய்தது, எந்தக் கூடத்தில் இழுத்துப் பார்த்தது என்ற தாள் இல்லாமல் பொறியாளர் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்று பெரும்பாலோர் போர்த்துவது பாலியஸ்டர். அதைத் தேய்ப்புப் பெட்டியால் இறுக்குவார்கள்: முதலில் 121 டிகிரி செல்சியஸ், கடைசியாக 177. அதைத் தாண்டினால் துணி இறுகுவதற்குப் பதிலாகத் தொய்யும், பிறகு எத்தனை தேய்த்தாலும் மீளாது. வீட்டுத் தேய்ப்புப் பெட்டியின் திருகை நம்பாதீர்கள்; வெப்பமானி வைத்துக் குறியிட்டுக்கொள்ளுங்கள். அசல் தோற்றம் கெடுமே என்பவர்கள் லினனுக்கே போகலாம், விலையும் உழைப்பும் அதற்கேற்ப ஏறும். எங்கள் கட்சி, பறக்கும் விமானத்துக்குப் பாலியஸ்டர், காட்சிக்கு வைப்பதற்கு லினன்.

டோப் பூசியதும் பால் சிந்தியதுபோல் வெளுக்கிறது. சரக்கு மட்டமா?
— மாதிரி விமானம் செய்யும் வாசகர், திருநகர்

சரக்கு நல்லதுதான், மாதம் சரியில்லை. கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அதன்மேல் நீர் கோத்து, படலம் வெளுத்துப் பலமிழக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் டப்பாவைத் திறக்காதீர்கள். மதுரையில் ஐப்பசி, கார்த்திகை இதற்கு ஆகாது. ஆடிக் காற்றில் புழுதி வந்து ஒட்டும். சித்திரை உச்சி வெயிலில் மேற்பரப்பு முந்திக் காய்ந்து, உள்ளே மாட்டிய ஆவி கொப்புளமாக வெடிக்கும். மாசி, பங்குனியில் காலை வெயில் ஏறியபின் பூசுவதே தோது.

முதல் பூச்சு நைட்ரேட் டோப், தூரிகையால், துணிக்குள் இறங்கும்படி. அதன்மேல் இன்னொரு வகை டோப்பான பியூட்டிரேட் வரலாம். பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் வரக் கூடாது. பிறகு அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு. அழகுக்கு என்று நினைத்து இதைக் குறைப்பவர்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அது ஒன்றுதான். நம் ஊர் வெயிலில் அதில் கஞ்சம் பிடித்தால் துணி சீக்கிரமே நையும். நைட்ரேட் டோப் தீப்பெட்டிக்குச் சமம். காய்ந்த பூச்சைத் தேய்க்கையில் எழும் நிலைமின் பொறியே போதும். சட்டத்தை எர்த் செய்யுங்கள், தூசியை நனைத்துப் பெருக்குங்கள். இறக்கையின் பின்விளிம்பில் நீர் வடியும் துளைகளைத் திறந்து வைக்க மறந்தால், உள்ளே மரம் உளுத்த பிறகுதான் தெரியவரும்.

இறக்கையைத் தாங்கும் நீள உத்தரமான ஸ்பார் உடைந்திருந்தால் தேக்கில் செய்யலாமா?
— மர வேலை செய்பவர், மேலூர்

கூடாது. தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் நிற்கும். விமானத்துக்கு வழக்கமான ஊசியிலை மரமான சிட்கா ஸ்புரூஸ் 430 பக்கம். எடையை விட்டாலும், தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுப் பிடிக்க விடாது. ஸ்புரூஸிலும் அங்குலத்துக்கு 6 வளையத்துக்குக் குறையாத, இழையோட்டம் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்தை விடச் சாயாத பலகையே தேறும். குறுக்கே மயிரிழைபோல நெளிந்த கோடு தெரிந்தால் அது முன்பே நசுங்கிய மரம், ஒதுக்குங்கள். ஒட்டும் ஒவ்வொரு முறையும் அதே பசையில் ஒரு துண்டை ஒட்டிவைத்து மறுநாள் உடைத்துப் பாருங்கள். மரம் பிய்ந்தால் ஒட்டு நல்லது. பசை பிரிந்தால் அன்று ஒட்டியது அத்தனையும் சந்தேகம்.

எங்கள் லேத்தில் எந்த போல்ட்டும் கடைந்து தருவோம். விமான போல்ட் மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்?
— பட்டறை உரிமையாளர், கப்பலூர்

அளவு உங்களுக்கு வரும். மறைந்திருப்பது மூன்று விஷயம். ஒன்று, மரை. பிரிட்டிஷ் விமானங்களில் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) மரைப் பல்லின் கோணம் 55 டிகிரி, பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைக்கு 47½ டிகிரி. டகோட்டா, ஹார்வர்ட் போன்ற அமெரிக்க விமானங்களில் 60. ஒன்றின் நட் இன்னொன்றில் இரண்டு சுற்று ஏறிவிடும், அதுதான் ஆபத்து. இரண்டு, உலோகம். எந்த உருக்கு, என்ன சூட்டுப் பதம் என்பதற்குத் தாள் வேண்டும். மூன்று, முலாம். காட்மியம் பூசும்போது உருக்குக்குள் ஹைட்ரஜன் புகும். உயர்பலப் போல்ட்டை உடனே 190 டிகிரி அளவில் பல மணி நேரம் வாட்டாவிட்டால், இறுக்கி வைத்த இடத்திலேயே ஒருநாள் 'டக்'கென்று அறும்.

2013-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு டைகர் மாத்தின் இறக்கை வானிலேயே பிரிந்து இருவர் இறந்தனர். உடலின் குறுக்கே ஓடிக் கீழ் இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகள், மரை வெட்டிய இடத்தில் களைப்பு விரிசல் விட்டு முறிந்திருந்தன. அதனால் நீங்கள் செய்யக்கூடியது வேறு: ரிப் ஜிக் (இறக்கையின் விலாச் சட்டத்தை ஒட்டும் அச்சு), என்ஜின் ஸ்டாண்டு, துளை வழிகாட்டித் தகடு, பழைய பிரிட்டிஷ் அளவிலான விட்வொர்த் ஸ்பேனர். இவற்றுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு இருக்கிறது.

வருஷக்கணக்கில் கிடந்த என்ஜினை எப்படி எழுப்புவது?
— பாலிடெக்னிக் மாணவி, திருமங்கலம்

டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் தலைகீழ் என்ஜின்: 4 சிலிண்டர், 6.1 லிட்டர், 130 குதிரைத் திறன். தலைகீழாக இருப்பதால் எண்ணெய் சிலிண்டருக்குள் வடிந்து தேங்கும். எண்ணெய் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தடுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். பின்னோக்கிச் சுற்றினால் எண்ணெய், காற்றை உள்ளிழுக்கும் குழாய்க்குள் ஏறி நின்று, ஸ்டார்ட் ஆகும்போது திரும்ப இறங்கும். பிளக்கைக் கழற்றி வடியவிடுவதே வழி.

மேக்னெட்டோ ஆறியிருக்கையில் நன்றாகப் பொறி விட்டு, சூடேறியதும் சாகும். சுருளின் பழைய காப்பு வெப்பத்தில் தோற்பதுதான் காரணம். சூடான நிலையிலும் சோதித்த பிறகே பூட்டுங்கள். ரப்பர் குழாய்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். நம் பக்கத்துக் குளவி பெட்ரோல் டாங்கின் காற்றுத் துளையிலும், வேகம் காட்டும் பிட்டோ குழாயிலும் மண் கூடு கட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சுரண்டிவிட்டு விடாமல், குழாய் முழுவதையும் கழற்றி ஊதிப் பாருங்கள்.

கல்லூரி வாசலில் தூணில் நிற்கும் ஜெட் விமானத்தைப் பறக்க வைக்க முடியுமா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படையிலிருந்து கழித்துக் காட்சிக்குக் கொடுத்த விமானத்துக்குப் பாக வாழ்நாள் பதிவேடு கூடவே வருவதில்லை. ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் பொங்கியிருந்தால் உள்ளே அலுமினியம் ஏடு ஏடாக விரிகிறது என்று அர்த்தம். பறக்க வேண்டுமானால் டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவு, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், ஆவணச் சங்கிலி எல்லாம் வேண்டும். 2018-இல் விமானப் படைக்கு வந்த 'பரசுராமா' டகோட்டாவையே பிரிட்டனில் வைத்துத்தான் புதுப்பித்தார்கள்.

எந்த வண்ணம் அசல்?
— வாசகர், உசிலம்பட்டி

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். காவி, வெள்ளை, பச்சை வட்டம் 1950 முதல்தான். போர்க்கால டைகர் மாத்தில் அதை வரைந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். பெயின்டுக்கும் எடை உண்டு என்பதால் அடுக்கடுக்காகப் பூசாதீர்கள். டகோட்டாவில் விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் அசையும் பலகைகளான ஏலரான், எலிவேட்டர், ரட்டர் எல்லாம் துணி போர்த்தியவை. வண்ணம் ஏறியதும் அவற்றைச் சமநிலை பார்க்காமல் பூட்டினால் வேகத்தில் படபடத்துப் பிய்ந்துபோகும். கடைசியில் விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று தராசில் எடை போட்டு, ஈர்ப்பு மையத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய ஏட்டில் இருக்கும் எண் செல்லாது.