கார்ட்லெஸ் டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கோவையில் 18 வருடமாக அலமாரி, மாடுலர் கிச்சன் மாட்டும் வேலை செய்கிறேன். வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் டிரில் வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாசம் ஆகுது. போட்டோ, ஷெல்ஃப், கர்ட்டன் ராடு எல்லாம் நானே மாட்டணும். எது வாங்கலாம்?

தம்பி, முதலில் சுவர் எதில் கட்டியது என்று பாருங்கள். செங்கல் என்றால், சுற்றிக்கொண்டே அடிக்கவும் செய்யும் 18 வோல்ட் இம்பாக்ட் டிரில்லே 6 மில்லி, 8 மில்லி ஓட்டையைத் தாராளமாகப் போட்டுவிடும். ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) என்றால் இம்பாக்டே வேண்டாம், சும்மா சுற்றவிட்டால் போதும். இம்பாக்ட் வைத்தால் ஓட்டை அகன்று பிளாஸ்டிக் பிளக் ஆட ஆரம்பிக்கும். ஆனால் கர்ட்டன் ராடு மாட்டுவது ஜன்னலுக்கு மேலே, அங்கே இருப்பது லிண்டல், கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுவதால்தான் அந்த அடி வருகிறது, அதனால் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அது அடிக்கும். கான்கிரீட்டில் ஓட்டை போடும் ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று அடிக்கிறது, நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். முதன்முதலில் கார்ட்லெஸ் வாங்கிய ஆசையில் நான் அந்த இம்பாக்ட் டிரில்லை வைத்து ஒரு பீமில் கால் மணி நேரம் அழுத்தினேன், பிட் முனை மழுங்கியதுதான் மிச்சம், பேட்டரி கையில் வைக்க முடியாத சூடு. அதனால் என் யோசனை: லிண்டலில் நாலைந்து ஓட்டைதான் என்றால் எஸ்டிஎஸ் பிளஸ் என்ற, காம்பில் காடி வெட்டிய பிட் போடும் ரோட்டரி ஹாமரை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள், மற்ற வேலைக்கு கார்ட்லெஸ் வாங்குங்கள்.

கேள்வி: 12, 18, 20, 21, கடைசியில் 48 வோல்ட் வரைக்கும் ஆன்லைனில் இருக்கு சார், 48 விலையும் கம்மி. அதையே வாங்கிடலாமா?

வேண்டாம். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், ஐந்து செல்லை வரிசையாகச் சேர்த்தால் 18. அதே ஐந்து செல்லை முழுதாக சார்ஜ் ஏற்றிய உடனே அளந்தால் 21 வரை காட்டும், நடுவில் 20 என்று எழுதுகிறார்கள், மூன்றும் ஒரே பேட்டரிதான். 12 என்று போட்டிருப்பது மூன்று செல், சரியாகச் சொன்னால் 10.8. அந்த மலிவு விலை 48 வோல்ட் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பதும் இதே ஐந்து செல்தான். சார்ஜரில் அவுட்புட் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், 21 வோல்ட் என்றால் உள்ளே ஐந்து செல், முடிந்தது கணக்கு. ஸ்டிக்கரை நம்பி ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வோல்ட்டை விட டார்க், அதாவது திருகும் விசை, எத்தனை நியூட்டன் மீட்டர், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை ஆம்பியர் அவர் என்று கேளுங்கள். 12 வோல்ட்டில் 30 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இருந்தால் வீட்டு மர வேலைக்குப் போதும்.

கேள்வி: நான் தனியா இருக்கேன், கட்டில், மேசை எல்லாம் பார்சலில் வந்து நானே கோக்கணும். எனக்கு கனமான மெஷின் தேவையா?

தேவையே இல்லைம்மா. 12 வோல்ட் மெஷின் பேட்டரியோடு ஏறக்குறைய ஒரு கிலோதான், கை வலிக்காது.

கேள்வி: ஸ்க்ரூ போடும்போது தலை வழுக்கிப் போயிடுது, பிளைவுட்டுக்குள்ள அப்படியே இறங்கிடுது. மெஷின் சரியில்லையா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பிட்டைப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச், அதை டிரில் படத்தில் வைத்துக்கொண்டே ஸ்க்ரூ போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன எண்ணில் ஆரம்பித்து, ஸ்க்ரூ முழுதாக இறங்காமல் கடகடவென்று நின்றால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மேலே உள்ள கியரை 1-ல் வையுங்கள், வேகம் குறைந்து இழுவை கூடும். பிட் ஸ்க்ரூ தலைக்குச் சரியான அளவா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கூடுதலா காசு கொடுக்கலாமா?

மாதம் ஒருமுறை எடுப்பவர் என்றால் உள்ளே கார்பன் கட்டை உரசி மின்சாரம் கடத்தும் சாதா பிரஷ் மோட்டாரே போதும், அந்தக் காசுக்கு இன்னொரு பேட்டரி வாங்கினால் வேலை நடுவில் நிற்காது. தினமும் ஓட்டுபவர்கள் யோசிக்காமல் பிரஷ்லெஸ் எடுங்கள், தேயக் கார்பன் இல்லை, ஒரே சார்ஜில் அதிக நேரம் ஓடும். அப்புறம் 'பேர் டூல்' என்று விலை குறைவாக இருந்தால் அதில் பேட்டரியும் சார்ஜரும் வராது, பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரி ஒரே வருஷத்துல படுத்துடுச்சு, ஏன்?

மொட்டை மாடி ஷெட்டிலும் வண்டி டிக்கியிலும் வைத்தீர்களா? வெயில்தான் பேட்டரிக்கு எமன். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: பாத்ரூம் டைல்ஸில் ஓட்டை போட பயமா இருக்கு.

இம்பாக்டை அணைத்துவிடுங்கள், அது முக்கியம். மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் மெதுவாக, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் போடுங்கள், டைல்ஸைத் தாண்டியதும் சிமெண்ட் பிட்டுக்கு மாறலாம். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் மட்டும் கை வைக்காதீர்கள், உள்ளே பைப் ஓடும்.