இரு படைகளும் பாடிய விடுதலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் (1861-65) பாடல்களைக் கேட்டுவருகிறேன். வடக்கு, தெற்கு இரண்டுமே விடுதலைக்காகப் போரிடுவதாகத்தான் பாடுகின்றன. தென்படைப் பாடல்களில் அடிமைமுறை பற்றிப் பேச்சே இல்லை. சாதாரணச் சிப்பாய் அதற்காகப் போரிடவில்லை என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்டவை பிந்தைய பதிப்புகளாக இருக்கலாம். தென்படையின் பிரியமான பாட்டு ‘பானி ப்ளூ ஃப்ளாக்’. ஹாரி மெக்கார்த்தி எழுதி, 1861இல் நியூ ஆர்லியன்ஸில் அச்சானது. அதன் இரண்டாம் அடி, நேர்மையாக உழைத்துச் சேர்த்த சொத்துக்காகப் போரிடுகிறோம் என்கிறது. பிறகு வந்த பதிப்புகளில் சொத்து போய் அந்த இடத்தில் சுதந்திரம் உட்கார்ந்துவிட்டது. 1860 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள் அங்கே சொத்து. 1861இல் இதைக் கூச்சமில்லாமல் பாட முடிந்திருக்கிறது. ஆகவே எந்தப் பாட்டானாலும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். தென்படைப் பாட்டாகவே இன்று பாடப்படும் ‘கூபர் பீஸ்’ அச்சேறியது 1866இல், போர் முடிந்த பிறகு.

அடுத்து, பாட்டு யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1862 ஜூலையில் லிங்கன் 3 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தபோது வடக்கின் பாடலாசிரியர் ஜார்ஜ் ரூட் எழுதியது ‘பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்’. அது ஆள் சேர்க்கும் பாட்டு. அதில் உள்ளது சேர்ப்பவரின் குரல். தெற்கு அதே மெட்டை எடுத்து, கழுகு (வடக்கின் சின்னம்) வீழ்க, சிலுவை (தென்கொடியில் உள்ளது) எழுக என்று பல்லவியை மாற்றிக்கொண்டது.

சிப்பாய்கள் தாங்களாகவே விரும்பிப் பாடியவை பெரும்பாலும் ஏக்கப் பாட்டுகள். ‘வீப்பிங், சேட் அண்ட் லோன்லி’ 1863இல் இரு முகாம்களிலும் ஒலித்தது. காதலனின் நீலச் சீருடை தெற்கில் சாம்பல் நிறமாகியது. கொள்கை அதன் கடைசிச் சரணத்தில்தான் எட்டிப்பார்க்கிறது; மற்றதெல்லாம் ஏக்கம். இதை வைத்து, படைவீரனுக்குப் போர் கசந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றாண்டுத் தவணை முடியவிருந்த வடபடையினரில் சுமார் 1,36,000 பேர் 1863-64 குளிர்காலத்தில் மறுபடியும் கையெழுத்திட்டார்கள். 400 டாலர் ஊக்கத்தொகையும் 30 நாள் விடுப்பும் ஆசை காட்டின, உண்மைதான். ஆனால் 1864 தேர்தலில் படைவீரர் வாக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் லிங்கனுக்கே விழுந்தன; அவர் வென்றால் போர் தொடரும் என்பது வாக்களித்த எல்லோருக்கும் தெரியும். வீட்டை நினைத்து அழுது பாடியவர்கள்தான் போரைத் தொடரவும் சம்மதித்தார்கள். பாட்டு ஏக்கத்தைச் சொல்லும். முடிவைத் தெரிந்துகொள்ள கடிதம், நாட்குறிப்பு, வாக்குக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதல் ஆர்கன்சா கறுப்பினப் படைப்பிரிவின் நடைப்பாட்டையும் அவசியம் கேளுங்கள். அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுனைப் பற்றி வடபடை பாடிய ‘ஜான் பிரவுன்ஸ் பாடி’யின் மெட்டு. பருத்திக்கும் சோளத்துக்கும் களைகொத்தியது போதும், இனி நாங்கள் சிப்பாய்கள் என்று அதில் ஒரு சரணம் வரும். அதை எழுதியவராகச் சொல்லப்படுபவர் அப்படைப்பிரிவின் வெள்ளை அதிகாரி லிண்ட்லி மில்லர். அதை மறக்காமல் படிக்க வேண்டும். இருந்தாலும் அங்கே விடுதலை என்பதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும், அதைப் பாடியவர்களில் பலர் அதற்குச் சற்றுமுன்வரை அந்த 40 லட்சத்தில் சேர்ந்தவர்கள்.