விர்ச்சுவல் மெஷினின் ஐ.பி. முகவரி மாறாமல் இருக்க என்ன வழி?

மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம் ஐ.பி. மாறுகிறது என்கிறீர்கள். லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டும் கே.வி.எம்., அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

மெஷினுக்குள்ளேயே ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத எண், போடலாம்தான். ஆனால் நாலைந்து மெஷின் சேர்ந்துவிட்டால் எதற்கு எந்த எண் கொடுத்தோம் என்பதே மறந்துபோகும். டி.ஹெச்.சி.பி. ரிசர்வேஷன்தான் என் தேர்வு: மெஷின்களுக்குத் தானாக ஐ.பி. வழங்கும் முறைதான் டி.ஹெச்.சி.பி., அதில் ஒரு மெஷினுக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கிவைப்பது ரிசர்வேஷன். மெஷினின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எடுங்கள். பெரும்பாலும் 52:54:00 என்று தொடங்கும். லிப்விர்ட்டின் டிஃபால்ட் நெட்வொர்க் அமைப்பில், டி.ஹெச்.சி.பி. பகுதிக்குள், அந்த மேக்குக்கு 192.168.122.50 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம் நெட்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் இணைப்பு அப்போது அறுந்துபோகும், அவற்றை முதலில் அணைத்துவிடுங்கள்.

மெஷினை அழித்துப் புதிதாக உருவாக்கினால் பழைய மேக்கையே கையால் கொடுங்கள். இல்லாவிட்டால் லிப்விர்ட் புதிதாக ஒன்றைப் போட்டுவிடும், ரிசர்வேஷன் வீண்.

சரி, என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது குளோன், அதாவது ஒரு மெஷினை அப்படியே நகலெடுக்கும் விவகாரம். மேக் வேறுவேறு, ஆனால் இரண்டு உபுண்டு மெஷினுக்கும் ஒரே ஐ.பி.! உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளான் வழியாக ஓடும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவை, மேக்குக்குப் பதில் மெஷின்-ஐடியிலிருந்து (ஒவ்வொரு லினக்ஸ் மெஷினுக்கும் உள்ள தனி அடையாளம்) உருவாக்கிய அடையாளத்தை டி.ஹெச்.சி.பி.க்கு அனுப்புகிறது. குளோனில் அந்த ஐடியும் அப்படியே வந்துவிடும். குளோன் செய்யும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள், கோப்பை நீக்க வேண்டாம். அடுத்த பூட்டில் புது ஐடி தானே உருவாகும்.