ஹாஸ்கலில் கணக்கு தப்பாக வருகிறதா? கேள்வி பதில்

ஹாஸ்கல் என்ற நிரல் மொழியில் எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். "விடை தப்பா வருது, பாருங்க" என்று ஒற்றை வரியில் எழுதியவர்கள் தயவுசெய்து எந்த உள்ளீடு கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: அண்ணா, சராசரி காண பட்டியலின் சம்மை லெங்த்தால் வகுத்தேன். பைத்தானில் ஓடுகிறது, இங்கே கம்பைலே ஆகவில்லை. இன்ட்டுக்கு ஃப்ராக்‌ஷனல் இன்ஸ்டன்ஸ் இல்லை என்கிறது.

பதில்: லெங்த் தருவது இன்ட், அதாவது முழு எண். சாய்கோடு போட்டு வகுப்பது பின்னம் தாங்கும் வகைகளுக்கு மட்டும்தான். பைத்தான் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும், ஹாஸ்கல் நீங்கள் சொன்னால்தான் மாற்றும். லெங்த்துக்கு முன்னால், முழு எண்ணை வேறு எண் வகைக்கு மாற்றும் ஃப்ரம்இன்டெக்ரல் போடுங்கள், சரியாகிவிடும். ஆனால் கம்பைல் ஆகும்வரை கண்ட இடத்தில் எல்லாம் அதைத் தூவுகிற பழக்கம் வேண்டாம். 300 என்ற எண்ணை ஃப்ரம்இன்டெக்ரல் வழியாக 0 முதல் 255 வரை மட்டும் தாங்கும் 8 பிட் வேர்டுக்கு அனுப்பிப் பாருங்கள், 44 என்று வரும், எச்சரிக்கைகூட இருக்காது. அப்புறம், காலிப் பட்டியல் வந்தால் உங்கள் ஃபங்ஷன் 0/0 செய்து நேன் (எண்ணே இல்லை என்ற குறி) தரும், அதையும் யோசித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபாக்டோரியல் எழுதினேன். 20 வரை சரி. 21-க்கு மைனஸில் வருகிறது, 66-இல் இருந்து எல்லாமே பூஜ்ஜியம்! அதே கணக்கை ஜி.எச்.சி.ஐ.-யில் (வரி வரியாக அடித்து உடனே ஓட்டிப் பார்க்கும் கருவி) நேரடியாக அடித்தால் சரியாக வருகிறது. கம்பைலரில் பக் இருக்கிறதா சார்?

பதில்: கம்பைலர் மேல் பழி போடும் முன் ஃபைலில் நீங்கள் எழுதிய டைப்பைப் பாருங்கள். இன்ட் வாங்கி இன்ட் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். 64 பிட் இயந்திரத்தில் இன்ட் தாங்கும் உச்சம் 9223372036854775807. 20-இன் ஃபாக்டோரியல் 2432902008176640000, அடங்கிவிடுகிறது. 21-க்கு 51090942171709440000 வர வேண்டும், அடங்காது, சுற்றிக்கொண்டு -4249290049419214848 ஆக வந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஹாஸ்கலின் இன்ட் அப்படித்தான்.

பூஜ்ஜியத்தின் காரணம் இன்னும் அழகானது. 1 முதல் 66 வரை பெருக்கும்போது அதற்குள் எத்தனை 2 காரணியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். 33, 16, 8, 4, 2, 1 கூட்டினால் 64. அதாவது விடையை இரும எண்ணில் எழுதினால் கடைசி 64 இடமும் பூஜ்ஜியம், இன்ட் வைத்துக்கொள்வது அந்தக் கடைசி 64 இடத்தைத்தான். அதற்குப் பிறகு எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே.

ஜி.எச்.சி.ஐ.-யில் டைப் சொல்லாமல் அடித்தால் அது தானாக இன்டிஜரைத் தேர்ந்தெடுக்கிறது, இன்டிஜருக்கு நினைவகம் உள்ளவரை எல்லை கிடையாது, அதனால்தான் அங்கே சரியாக வந்தது. இன்ட்டை இன்டிஜர் ஆக்குங்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிட்டால், எந்த வரியில் அது தன் இஷ்டத்துக்கு ஒரு எண் வகையைத் தேர்ந்தெடுத்தது என்றும் சொல்லிவிடும்.

கேள்வி: மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்து மீதி எடுத்தேன். மாட் எப்போதும் பாசிட்டிவ் தரும் என்று படித்தேன், எனக்கு -1 வருகிறது.

பதில்: அடைப்புக்குறி போடவில்லை. மாட் முதலில் நடக்கும், மைனஸ் அப்புறம்தான் ஒட்டும், ஆகவே நீங்கள் கேட்டது 7-இன் மீதிக்கு மைனஸ். (-7) என்று எழுதினால் மாட் 1 தரும், மீதி எடுக்கும் இன்னொரு ஃபங்ஷனான ரெம் -1 தரும். "எப்போதும் பாசிட்டிவ்" என்பதும் சரியில்லை, மாட் வகுக்கும் எண்ணின் குறியைப் பின்பற்றும்.

கேள்வி: ஐயா, சென்சார் அளவீடுகளுக்கு திட்ட விலக்கம் கண்டுபிடிக்கிறேன். வர்க்கங்களின் சராசரியில் இருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கிறேன். சில நாள் நேன் வருகிறது. பாடப்புத்தகச் சூத்திரம்தானே இது?

பதில்: சூத்திரம் காகிதத்தில் சரி, டபுளில், அதாவது தசம எண்களைக் குறிப்பிட்ட அளவு இலக்கங்களுக்குள் வைக்கும் வகையில், ஆபத்து. கையால் போட்டுப் பார்ப்போம். 1000000001, 1000000002, 1000000003 என்று மூன்றே எண்கள். பரவல், அதாவது வர்க்கமூலம் எடுக்கும் முன் இருக்கும் மதிப்பு, 2/3 வர வேண்டும். இவற்றின் வர்க்கங்கள் 10^18-ஐத் தாண்டியவை. அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு டபுள்களுக்கு நடுவே இடைவெளி 128. ஆகவே அங்கே இருக்கும் இரண்டு டபுள்களைக் கழித்தால் 0 வரலாம், 128 வரலாம், -128 வரலாம், 2/3 மட்டும் எந்த ஜென்மத்திலும் வராது. மைனஸ் வந்த நாளில் வர்க்கமூலம் நேன் ஆகிறது. உண்மையில் நேன் வந்த நாள்தான் உங்களுக்கு நல்ல நாள், ஏனென்றால் மற்ற நாட்களில் தப்பான விடையை நம்பிக் கடந்து போயிருப்பீர்கள்.

வெல்ஃபோர்ட் 1962-இல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்துங்கள். இதுவரை வந்த எண்ணிக்கை, சராசரி, விலக்க வர்க்கங்களின் கூட்டல் ஆகிய மூன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நகர்வது. முதல் எண்ணுக்குச் சராசரி அதுவே, கூட்டல் 0. இரண்டாவது எண் பழைய சராசரியில் இருந்து 1 தள்ளி இருக்கிறது, புதிய சராசரி 1000000001.5, அதில் இருந்து 0.5 தள்ளி, இரண்டையும் பெருக்கிச் சேர்த்தால் 0.5. மூன்றாவது பழைய சராசரியில் இருந்து 1.5, புதியதில் இருந்து 1. கூட்டல் 2 ஆகிறது. 3-ஆல் வகுத்தால் 2/3. பெரிய எண்களின் வர்க்கத்தை எங்கேயும் தொடவே இல்லை, கவனித்தீர்களா? ஹாஸ்கலில் இது ஒரே ஒரு ஃபோல்ட், அதாவது பட்டியலை ஒவ்வொன்றாகக் கடந்து ஒரே விடையாகச் சுருக்குவது.

கேள்வி: அந்த மாதிரி ஃபோல்ட்தான் நானும் எழுதினேன், ஒவ்வொரு படியையும் உடனே கணக்கிடும் ஃபோல்ட்-எல் பிரைமே போட்டேன், அப்படியும் ஒரு கோடி எண்களுக்கு மெமரி எகிறுகிறது. கூட்டலையும் எண்ணிக்கையையும் ஒரு ஜோடியாக வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த ஜோடிதான் வில்லன். ஃபோல்ட்-எல் பிரைம் ஒவ்வொரு படியிலும் வெளி உறையை மட்டும்தான் பிரித்துப் பார்க்கும், "ஆம், இது ஒரு ஜோடி" என்று தெரிந்ததும் நின்றுவிடும். ஹாஸ்கல் தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது, அதனால் உள்ளே இருக்கும் இரண்டு கூட்டல்களும் போடப்படாமல் கடனாகவே நீளும், ஒரு கோடி கடன். ஜோடியை விட்டுவிட்டு, உடனே கணக்கிடச் சொல்லும் ஆச்சரியக்குறி போட்ட புலங்களோடு சொந்தமாக ஒரு டேட்டா வகை எழுதுங்கள். அல்லது பேங் பேட்டர்ன் (பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி) வைத்து இரண்டு உறுப்பையும் அங்கேயே கணக்கிட வையுங்கள். வெறும் எண்ணைக் கூட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பிரைம் போட்டாலே போதும்.

கேள்வி: நியூட்டன் முறையில் வர்க்கமூலம். இதுவரை கிடைத்த விடையான x-இன் வர்க்கத்துக்கும் கொடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் 10^-10-க்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதியிருக்கிறேன். சின்ன எண்களுக்கு ஓடுகிறது, 2,000 கோடியை ஒட்டிய சில எண்களுக்கு மட்டும் தொங்கிவிடுகிறது. நடுவில் வரும் மதிப்புகளை அச்சிட ட்ரேஸ் போட்டால் வரிகள் முன்பின்னாக வந்து இன்னும் குழப்புகிறது.

பதில்: முதலில் ட்ரேஸைத் தூக்குங்கள். மதிப்பு எப்போது தேவைப்படுகிறதோ அப்போதுதான் அது அச்சிடும், நீங்கள் எழுதிய வரிசைக்கு அது பொறுப்பில்லை. இந்த மொழியில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. நிறுத்தும் நிபந்தனையையும் கணக்கையும் ஒரே ஃபங்ஷனில் பிசையாமல், ஒரு படி முன்னேறுவதை மட்டும் தனி ஃபங்ஷனாக எழுதி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் இட்டரேட்டிடம் கொடுங்கள். முடிவில்லாத பட்டியல் கிடைக்கும், அதில் முதல் பத்தை டேக் போட்டு எடுத்துக் கண்ணால் பாருங்கள். 2-க்கு 1-இல் தொடங்கினால் 1.5, 1.41666, 1.4142156 என்று படிக்குப் படி சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாவது தெரியும். உங்கள் பெரிய எண்ணுக்கு அதையே செய்தால், சில படிகளில் பட்டியல் ஒரே எண்ணில் உறைந்துவிடும், அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடும். அதாவது கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, நிபந்தனைதான் விடமாட்டேன் என்கிறது.

ஏன் என்றால், 2,000 கோடி பக்கத்தில் டபுள்களுக்கு இடையே இடைவெளி சுமார் 0.0000038. வித்தியாசம் ஒன்று சரியாக 0, இல்லையென்றால் குறைந்தது அவ்வளவு, நடுவில் எதுவும் கிடையாது. சில எண்களுக்கு அதிர்ஷ்டவசமாக 0 விழுகிறது, மற்றவை தொங்குகின்றன. வித்தியாசத்தைக் கொடுத்த எண்ணால் வகுத்து, அது 10^-12-க்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: 0.1 முதல் 1 வரை என்று பட்டியல் போட்டால் 1.1-உம் வருகிறதே?

பதில்: டபுளுக்கு அது விதியிலேயே இருக்கிறது. எல்லையோடு அரைப் படி கூட்டி அதுவரை போகும். நீங்கள் படி சொல்லாததால் அது 1, ஆகவே 1.5 வரை அனுமதி. முழு எண்களில் பட்டியல் போட்டுப் பிறகு 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டபுளில் பாதி அளவுள்ள ஃப்ளோட்டை டபுளாக்க ரியல்டுஃப்ராக் போட்டேன். நேன் உள்ளே போனால் ஜி.எச்.சி.ஐ.-யில் ஏதோ பிரம்மாண்டமான மைனஸ் எண், ஆப்டிமைஸ் செய்து கம்பைல் செய்தால் ஒழுங்காக நேன். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். அந்த ஃபங்ஷன் ரேஷனல் (இரண்டு முழு எண்களின் பின்னம்) வழியாகச் சுற்றிப் போகிறது, ரேஷனலில் நேனுக்கு இடமே இல்லை. ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலர் அந்தச் சுற்றுவழியை வெட்டிவிட்டு நேரடி மாற்றத்தை வைக்கிறது, விடையும் மாறுகிறது. ஜி.எச்.சி. ஃப்ளோட் மாட்யூலில் ஃப்ளோட்டுடபுள் என்று நேரடி ஃபங்ஷன் இருக்கிறது, பெயரில் நடுவே டூவுக்குப் பதில் 2 என்ற இலக்கம் வரும்.

கேள்வி: ரவுண்ட் 2.5-க்கு 2 தருகிறது, 3.5-க்கு 4. மதிப்பெண் பட்டியலில் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: சரிபாதியில் இருந்தால் ரவுண்ட் இரட்டை எண் பக்கம் சாயும். உங்களுக்குப் பள்ளிக்கூட முறைதான் வேண்டும் என்றால் 0.5 கூட்டி ஃப்ளோர் எடுங்கள், மதிப்பெண் மைனஸில் போகாதவரை பிரச்சினை இல்லை.