பல்கலைக்கழகத்தில் 'அணுகல் வசதி' என்றால் என்ன? சரிவுப்பாதை ஒன்று போதாதா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு வளாகத்தில், மாற்றுத்திறனாளியான மாணவர் ஒருவர் பிறர் தூக்கிவிடவோ வாசித்துக்காட்டவோ காத்திராமல், மற்றவர்கள் செல்லும் இடத்துக்குத் தாமும் சென்று, அவர்கள் கற்பதைத் தாமும் கற்க முடிவதே அணுகல் வசதியாகும். தடை உடலில் மட்டுமன்றிக் கட்டடத்திலும் பாடக்குறிப்பிலும் இருக்கிறது என்பதே இதன் அடிப்படை.

யாழ்ப்பாண வீடுகள் பலவற்றில் மோட்டார் சைக்கிளை ஏற்றுவதற்கென வாசற்படியோரம் சீமெந்துச் சரிவு கட்டியிருப்பார்கள்; அதை எவரும் வண்டிக்குக் காட்டும் இரக்கம் என்று சொல்வதில்லை. சக்கர நாற்காலிக்கான சரிவும் அத்தகையதே. ஆனால் அதற்குக் கணக்கு உண்டு: பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். (பெயருக்குக் கட்டிய செங்குத்துச் சரிவு, படியைவிட ஆபத்தானது.)

கண்ணில் படாத தடைகளும் உண்டு. விரிவுரைக் குறிப்பைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால், திரையிலுள்ள எழுத்தை ஒலியாக வாசித்துக்காட்டும், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது எழுத்தற்ற வெறும் படமாகவே இருக்கக்கூடும். தட்டச்சுச் செய்த மூலக்கோப்பை அனுப்பினால் அச்சிக்கல் செலவின்றித் தீரும். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களுக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இவ்வுரிமைக்கு ஆதாரமாக உள்ளன.

பரீட்சையில் வழங்கப்படும் மேலதிக நேரம் ஏனைய மாணவர்களுக்கு அநீதி எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்காக வினாத்தாளோ புள்ளித்திட்டமோ இலகுவாக்கப்படுவதில்லை, பிரெயிலில் வாசிக்கவோ சொல்லி எழுதுவிக்கவோ கூடுதலாகச் செலவாகும் நேரம் மட்டுமே ஈடுசெய்யப்படுகிறது.