தாயகம் திரும்பிய குடும்பத்தின் வரலாற்றை எழுத

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்கு வந்த தாத்தா, பாட்டியின் கதையை எழுத விரும்புவதாகவும், ஒரு பழைய கடவுச்சீட்டைத் தவிர வேறு ஆவணம் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடவுச்சீட்டே போதுமான தொடக்கம். அது வழங்கப்பட்ட இடத்தையும் அதிலுள்ள முத்திரைகளின் தேதிகளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி (அன்றைய இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்டது) இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரம் வழியாக மண்டபம் முகாமை அடைந்து, அங்கிருந்து மலைக்கு வந்தவர்கள்.

அவர்கள் வேலை செய்த தோட்டத்தின் பெயரை உறவினர்களிடம் கேட்கும்போது, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும் பதிவேட்டிலுள்ள ஆங்கிலப் பெயரும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும் என்பதால், இரண்டையும் கேட்டு எழுதுங்கள். இங்கு வந்தபின் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் (இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை கிடைத்ததா என்பதையும் விசாரியுங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அத்திட்டம் தொடங்கப்பட்டது.

கூடலூரைப் பொறுத்தவரை நிலத்தைத் தொடாமல் எந்தக் குடும்பக் கதையும் முழுமை பெறாது என்பது என் கருத்து. ஜன்மி எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை நீக்கிய 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்த வழக்குகளால் பலருக்குப் பட்டா கிடைக்காமல் போனதை (உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கக்கூடும்) தனி அத்தியாயமாகவே எழுதலாம். தாயகம் திரும்பியோருக்கு முன்பே அங்கு வாழ்ந்த பணியர், குறும்பர் ஆகிய பழங்குடியினரிடமும், திரும்பியோர் வந்து சேர்ந்த காலம் எவ்வாறு நினைவிலிருக்கிறது என்று கேளுங்கள்.