சிஸ்டர் ரொசெட்டாவின் கிட்டார் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ராக் இசையின் ஆரம்பம் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பகுதிகளையும் படித்தேன். நான் தூத்துக்குடியில் ஒரு பெந்தேகொஸ்தே சபையில் கிட்டார் வாசிக்கிறேன். போன மாதம் ஆராதனையில் ஒரு பாட்டின் நடுவே கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கொஞ்சம் போட்டு, கம்பியை வளைத்து வாசித்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் கூப்பிட்டு, "இது உலகப்பிரகாரமான இசை தம்பி, ராக் சாத்தானுடையது, சபைக்குள் வேண்டாம்" என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி யூடியூபில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ கண்ணில் பட்டது. பழைய ரயில் நிலையம், மழை, கோட்டு போட்ட நடுவயது அம்மா ஒருவர் எலக்ட்ரிக் கிட்டாரை வெளுத்து வாங்குகிறார். பாடுவதோ நோவா காலத்து மழையைப் பற்றி! யார் இவர்? உங்கள் கட்டுரையில் பெயரே இல்லையே? ராக் உண்மையிலேயே சபைக்கு வெளியே பிறந்ததுதானா?

சா.

அன்புள்ள தம்பி,

அவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். என் கட்டுரையில் அவர் இல்லாதது பெரிய பிழை. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி பாடியதிலிருந்து கதையை ஆரம்பித்திருந்தேன், எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் எல்விஸ் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே சிகாகோவில் ஒரு சபையில் ஒரு சிறுமி கிட்டாரோடு நின்று பாடிக்கொண்டிருந்தாள். கதை அங்கே ஆரம்பித்திருக்க வேண்டும்.

அது பெந்தேகொஸ்தே சபைதான். ரொசெட்டா 1915-ல் அர்கன்சாஸ் மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மா கேட்டி பெல் நியூபின் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தவர். அவர்கள் சேர்ந்திருந்தது சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்ற கறுப்பினத்தவர் சபை. அதை வளர்த்த சார்ல்ஸ் ஹாரிசன் மேசன், 1907-ல் லாஸ் ஏஞ்சலஸில் அசூசா தெருக் கூட்டங்களில் அபிஷேகம் பெற்றுத் திரும்பியவர். பெந்தேகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவக் காரணமான அந்த அசூசா தெரு எழுப்புதலைப் பற்றி உங்கள் பாஸ்டரும் பிரசங்கித்திருப்பார். அந்தச் சபைக்காரர்கள் 150-வது சங்கீதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். கைத்தாளம், தம்புரு, நரம்புக் கருவி, நடனம் எல்லாவற்றாலும் துதிக்கச் சொல்லியிருக்கும்போது கிட்டார் மட்டும் ஏன் கூடாது? மற்றச் சபைகள் ஆர்கனோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் டிரம் அடித்தார்கள், கை தட்டினார்கள், காலால் தரையை உதைத்துத் தாளம் போட்டார்கள். ரொசெட்டாவின் கைக்குள் போன தாளம் அது. பெயருக்கு முன்னால் உள்ள 'சிஸ்டர்' கூட உங்கள் சபையில் பெண்களைக் கூப்பிடுகிற அதே சிஸ்டர்தான், கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம்.

1938-ல் நியூயார்க் போனார். காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் பாடினார், டெக்கா நிறுவனத்துக்கு முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார், டிசம்பரில் கார்னகி ஹால் மேடையும் ஏறினார். முதல் பதிவுகளில் ஒன்று 'ராக் மீ'. தாமஸ் டார்சி எழுதிய ஒரு சபைப் பாடலிலிருந்து வந்தது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி என்னைத் தாலாட்டும் என்று ஆண்டவரிடம் கேட்கிற பாட்டு, கிளப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ரொசெட்டா அந்த இரண்டு அர்த்தத்தையும் விடவில்லை. சபையில் பலர் கொதித்துப் போனார்கள், குடிக்கிற இடத்தில் கர்த்தரின் பாட்டா என்று. உங்கள் பாஸ்டர் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார், அதைவிடக் கடுமையாகவே.

அப்புறம் 1944-ல் பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே'. இதைக் கட்டாயம் கேளுங்கள். பியானோவில் சாமி பிரைஸ், கூட பாஸ், டிரம், முன்னால் இவருடைய எலக்ட்ரிக் கிட்டார். பாட்டு வேதாகமத்தைச் சேர்ந்தது. பின்னால் ஓடுகிற தாளமும், வரிகளுக்கு நடுவே கிட்டார் குறுக்கே பாய்ந்து பதில் சொல்கிற விதமும், பத்து வருடம் கழித்து உலகம் ராக் அண்ட் ரோல் என்று கொண்டாடிய அதே சங்கதி. 1945-ல் பில்போர்டு பத்திரிகையின் கறுப்பினத்தவர் இசைக்கான பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதல் ராக் அண்ட் ரோல் பதிவு எது என்ற சண்டை ஓயாது, 1951-ல் வந்த 'ராக்கெட் 88' என்பவர்கள் நிறையப் பேர். என் ஓட்டு இந்தச் சபைப் பாட்டுக்குத்தான்.

அவர் பின்னால் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 1947-ல் ஜார்ஜியாவில் மேக்கன் நகர அரங்கில், நிகழ்ச்சிக்கு முன் தன் பாட்டையே பாடிக்கொண்டிருந்த 14 வயதுப் பையனைக் கேட்டுவிட்டு அவனை மேடையேற்றிப் பாடவைத்து, கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட். பாடகர் ஜானி கேஷ் 1992-ல், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, தன்னை உருவாக்கியவர்கள் வரிசையில் இவர் பெயரைச் சொன்னார். 1940-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழு இவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியது. வெள்ளையர் ஹோட்டலுக்குள் இவர் நுழைய முடியாது, அதனால் அவர்கள் சாப்பாடு வாங்கிப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து தருவார்களாம். அதே குழுதான் பிறகு எல்விஸுக்குப் பின்குரல் பாடியது. எல்விஸும் பெந்தேகொஸ்தே சபையில் வளர்ந்தவர்தான். அவருக்குப் போட்டியில் கிடைத்த மூன்று கிராமி விருதுகளும் கிறிஸ்தவப் பாடல்களுக்காகக் கிடைத்தவை. பியானோ வாசித்துப் பாடிய ராக் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸும் அப்படியே பெந்தேகொஸ்தே சபையில் வளர்ந்தவர், 1957-ல் சன் ஸ்டூடியோவில் இது பிசாசின் இசை என்று முதலாளியோடு அவர் வாதாடியது டேப்பில் பதிவாகி இன்றும் கிடைக்கிறது. வாதாடி முடித்துவிட்டுப் பாடவும் செய்தார்! உங்கள் சபையில் எழுந்த கேள்வி ராக் இசைக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருக்கிறது. சபைக்கு வெளியே பிறந்திருந்தால் அந்த வேதனை அதற்குள் இருந்திருக்காது.

சரி, இவ்வளவு பெரிய ஆளை ஏன் மறந்தார்கள்? கடைக்காரர்கள் இசைத்தட்டுகளை அடுக்கிய அலமாரிதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். இவருடையது கிறிஸ்தவப் பாடல் அலமாரியில் இருந்தது, வரலாறு எழுதியவர்கள் பக்கத்து அலமாரியோடு நின்றுவிட்டார்கள். 1951-ல் வாஷிங்டன் கிரிஃபித் ஸ்டேடியத்தில் தன் கல்யாணத்தையே டிக்கெட் போட்டு நடத்தி, 20 ஆயிரம் பேர் போல வந்து பார்க்க, மணப்பெண் உடையிலேயே கிட்டார் வாசித்தவர் அவர். ஆனால் ராக் அண்ட் ரோல் வெடித்த 1955-ல் அவருக்கு வயது 40. கறுப்பினப் பெண், சபைப் பாடகி, 40 வயது. தொலைக்காட்சி தேடிய முகம் வேறு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஹால் ஆஃப் ஃபேம் 1986-ல் முதல் முதலாகச் சேர்த்த கலைஞர்களில் ஒரு பெண்கூட இல்லை. ரொசெட்டாவைச் சேர்த்தது 2018-ல். அவர் இறந்தது 1973-ல், ஃபிலடெல்ஃபியாவில். அங்கே அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கவே முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

நீங்கள் பார்த்த வீடியோ 1964 மே மாதம் மான்செஸ்டரில் எடுத்தது. ரயில் ஓடாத வில்பிரஹாம் ரோடு நிலையத்தை கிரனாடா தொலைக்காட்சி அமெரிக்கத் தென்மாநில நிலையம் மாதிரி ஜோடித்தது. ஒரு பிளாட்பாரத்தில் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் இளைஞர்கள். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் கூட அன்று பாடினார். ரொசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்கினார், மழை பெய்துகொண்டிருந்தது, 'டிடன்ட் இட் ரெய்ன்' பாட்டை எடுத்தார். வெள்ளை கிப்சன் கிட்டார். நடுவில் வருகிற அந்தத் தனி வாசிப்பைத் திரும்பப் பாருங்கள். கம்பியை இழுத்துவிட்டு அது அடங்குவதற்குள் பார்வையாளர்களை நிமிர்ந்து பார்க்கிறார், பாட்டைப் பிரசங்கமாகவே நடத்துகிறார்.

அந்த ஓசைக்குக் காரணம் டிஸ்டார்ஷன் மட்டும் இல்லை. அவர் பெரும்பாலும் ஓப்பன் ட்யூனிங்கில் வாசித்தவர், அதாவது விரல் வைக்காமல் எல்லாக் கம்பிகளையும் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது. கனத்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சேர்த்துப் பாருங்கள். டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, உங்கள் சபையில் பாடுகிற ஏதாவது ஒரு பழைய துதிப் பாட்டை அதில் வாசியுங்கள், ஒவ்வொரு வரி முடிந்ததும் பாடகருக்குக் கிட்டார் பதில் சொல்கிற மாதிரி. முடிந்தால் பாஸ்டரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.